அமைச்சர் இல்லை என்று அழுகிறவர்களிடம் சில கேள்விகள்



பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள். ஏச வேண்டும் என்றால் ஏசுங்கள், ஆனால் முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

2024 நவம்பர் 18ஆம் திகதி புதிய அமைச்சரவை சத்தியப்பிரமாணம் செய்தது. அதில் ஒரு முஸ்லிம் கூட இல்லை. அன்று தொடங்கிய ஒப்பாரி எமது ஊர்களில் இன்னும் ஓயவில்லை. தேநீர்க் கடையிலும் அதே பேச்சு. ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடும் இடத்திலும் அதே பேச்சு. கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி உட்கார்ந்தால், பிடி சோறு வாய்க்குப் போகுமுன் யாராவது ஒருவர் பெருமூச்சு விடுகிறார்: "சமூகம் அநாதையாகிட்டுது, தலைமை இல்லாம போயிட்டுது."

இந்த நாட்டில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவர் முஸ்லிம். அமைச்சரவையில் ஒருவரேனும் இருந்திருக்க வேண்டும். அதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. அரசாங்கத்திடம் அதைக் கேட்பதும் நியாயம். ஆனால் ஒப்பாரி வைப்பவர்கள் இடையில் ஒரு சொல்லை மாற்றி வைத்துவிடுகிறார்கள். அமைச்சர் இல்லை என்பது அவர்கள் வாயில் தலைவர் இல்லை என்று ஆகிவிடுகிறது. இந்த இரண்டும் ஒன்றா? ஒன்றுதான் என்று நினைக்கிறவர்கள் எங்களோடு 2020க்குக் கொஞ்சம் திரும்பி வாருங்கள். தூரமில்லை.

2020 ஆகஸ்டில் அமைந்த அமைச்சரவையில் ஒரு முஸ்லிம் இருந்தார். சில்லறை அமைச்சு இல்லை, நீதி அமைச்சு. அதே வருடம் ஏப்ரலில் வந்த வர்த்தமானியின்படி எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும் எரித்தார்கள். டிசம்பரில், பிறந்து 20 நாளேயான ஒரு பிள்ளையைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமலே எரித்தார்கள். அந்த அமைச்சர் உள்ளே பேசினாரா இல்லையா என்று இங்கு விசாரிக்கவில்லை. பேசியிருக்கலாம். நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான்: கதிரை இருந்தது, ஜனாஸாவும் எரிந்தது.

அந்தக் காலத்திலேயே இன்னொரு நாள் இருக்கிறது, 2020 ஒக்டோபர் 22. அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஜனாதிபதியிடம் அதிகாரத்தைத் திரும்பவும் அள்ளிக் கொடுக்கும் திருத்தம். 156 வாக்குகளால் நிறைவேறியது. அரசாங்கத்துக்கு எதிராக நிற்கப் போகிறோம் என்று எங்களிடம் வாக்குக் கேட்டு, எங்கள் உம்மாமாரின் துஆவோடு பாராளுமன்றம் போன முஸ்லிம் உறுப்பினர்கள் சிலரும் அதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, ஜனாஸா விடயத்தில் நல்லது நடக்கும் என்று விளக்கம் சொன்னவர்களும் உண்டு.

வாக்கெடுப்புக்குப் பிறகும் நான்கு மாதம் எரித்தார்கள்.

நான்கு மாதம் என்பது சும்மா ஒரு கணக்கில்லை. அந்தக் காலத்தில் யாருடைய வாப்பாவுக்காவது காய்ச்சல் என்றால், வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவே பயந்தோம். வீட்டிலேயே மௌத்தானால் அடக்கலாமா என்று இரவில் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த நான்கு மாதத்தில், ஆதரவாக வாக்களித்தவர்கள் கொடுத்த விலை என்ன? கொடுத்த ஆதரவைத் திரும்ப எடுத்தார்களா? வாகனத்தைத் திருப்பிக் கொடுத்தார்களா? கடைசியில் பாகிஸ்தான் பிரதமராக இருந்த இம்ரான் கான் வந்து திரும்பிய கையோடு, 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்குவதற்கு அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் மண் கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கேட்டது. எரிந்தவர்கள் எரிந்ததுதான்.

அந்த டிசம்பரில் கொழும்பில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் யாரோ ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். கபன் துணி. மறுநாள் இன்னும் சில. பிறகு வேலி நீளத்துக்கும். கழற்றி எறிந்தார்கள், மறுபடி கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டும் கட்டவில்லை, சிங்களவரும் தமிழரும் கிறிஸ்தவ மதகுருமாரும் வந்து கட்டினார்கள். நாடெங்கும் அந்தத் துணி பரவியது. முதல் துணியைக் கட்டியவருக்குக் கட்சி இல்லை, பதவி இல்லை, முன்னும் பின்னும் ஜீப் இல்லை. கையில் ஒரு முழத் துணி இருந்தது. பொலிஸ் வந்து பெயர், விலாசம் கேட்டால் என்ன ஆகும் என்ற பயமும் இருந்திருக்கும். அந்த நேரத்தில் சமூகத்துக்குத் தலைமை தந்தது யார், பாராளுமன்றத்தில் குளிரூட்டிய அறையில் இருந்தவரா, வேலியில் துணி கட்டியவரா?

உண்மையான தலைவரை எப்படி அடையாளம் காண்பது என்று பிள்ளைகள் வகுப்பில் கேட்பார்கள். குடியியல் பாடத்தில் பதில் இருக்கிறது, பரீட்சைக்கு எழுதலாம். ஊரில் பார்த்துப் படித்த பதில் வேறு. ஒரு தலைவர் தமிழில் எங்கள் மேடையில் சொன்னதை, சிங்களத்தில் அவர்களுடைய தொலைக்காட்சியிலும் சொல்கிறாரா? சிங்களத்தில் சொன்னதை, இங்கே பள்ளிவாசல் முற்றத்தில் நின்று எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வாரா? எங்கள் அரசியல்வாதிகள் பலருக்கு இரண்டு நாக்கு. இங்கே வந்தால் உரிமை, உயிர், ஷஹீத் என்று தொண்டை கிழியும். கொழும்புக்குப் போனால் குரல் தேனாகி, சிரிப்பு மட்டும் மிஞ்சும். அங்கே கேட்க வேண்டியதை இங்கே கத்துகிறார்கள். இங்கே கத்தினால் கைதட்டு கிடைக்கும். அங்கே கேட்டால் ஏதாவது பறிபோகும்.

சில நேரம் கொழும்பு வரைக்கும் போகத் தேவையில்லை. கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையில் எல்லை எங்கே என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ஆனால் தேர்தல் காலத்தில் அந்த எல்லையைத் தாண்டும்போதே பேச்சு மாறும். சாய்ந்தமருதில் தனிச் சபை நிச்சயம் என்பார்கள். கல்முனையில் மாநகர சபையைப் பிரிக்க விடமாட்டோம் என்பார்கள். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வந்தது. பட்டாசுக் குப்பை கூட்டி முடியுமுன், சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டது. தனிச் சபை சரியா பிழையா என்று இங்கே பேசவில்லை. இரண்டு ஊரையும் ஒரே மண்டபத்தில் வைத்துக்கொண்டு, ஒரே வசனத்தை இரண்டு பக்கமும் கேட்கும்படி சொன்ன ஒரு தலைவரை எங்களுக்குக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இப்போது சிலர் மர்ஹூம் அஷ்ரப் அவர்களைக் கொண்டுவருவார்கள் என்று தெரியும். கொண்டுவாருங்கள், நாங்களும் அதற்குத்தான் வருகிறோம்.

செப்டம்பர் 16 வந்தால் அவருடைய படம் போடாத கட்சி இல்லை. ஆளுக்கொரு கட்சி, எல்லாக் கட்சிக்கும் அவரே ஸ்தாபகத் தலைவர் போல. அவர் அரசாங்கங்களோடு பேரம் பேசியவர்தான். இன்றைய ஆட்கள் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்: "தலைவரே பேரம் பேசினாரே!" பேசினார், ஆனால் என்ன கேட்டார்? 1988 டிசம்பரில் அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் வந்தது. ஒரு மாவட்டத்தில் ஆசனம் பெறுவதற்குத் தேவையான குறைந்தபட்ச வாக்கு, நூற்றுக்கு 12.5 இலிருந்து 5ஆகக் குறைந்தது. அதைக் கேட்டு வாங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு. அந்தச் சட்டத்தில் முஸ்லிம் என்று ஒரு சொல்லும் இல்லை, அவருடைய பெயரும் இல்லை. நாட்டில் உள்ள எல்லாச் சிறிய கட்சிகளும் இன்று வரைக்கும் அந்த நிழலில்தான் நிற்கின்றன. கேட்டது கதிரையாக இருந்திருந்தால் அது அவரோடு போயிருக்கும்.

இன்னொன்று, வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1994 உள்ளூராட்சித் தேர்தலில், எங்கள் மாவட்டத்தின் முஸ்லிம் பிரதேச சபைகளை வெல்லாவிட்டால் பாராளுமன்றப் பதவியை விடுவேன் என்று மேடையில் சொன்னார். எல்லாம் கைக்கு வரவில்லை. விட்டார். அரசியல்வாதி மேடையில் ஆயிரம் சொல்வான், யார் கணக்கு வைக்கிறார்கள் என்று அவரும் இருந்திருக்கலாம். அவரோடு முரண்பட்டவர்கள் நிறைய இருந்தார்கள், முரண்படக் காரணங்களும் இருந்தன. அவரை மலக்காக ஆக்க நாங்கள் தயாரில்லை. ஆனாலும் அந்த இராஜினாமாக் கடிதம் ஒரு தலைமுறைக்குப் போதுமான பாடம். அதைப் படத்தோடு சேர்த்து யாரும் பகிர்வதில்லை.

அவர் கனவு கண்டவற்றில் ஒலுவில் துறைமுகமும் ஒன்று. அவர் போய் 13 வருடம் கழித்து, 2013இல் திறந்தார்கள். ரிபன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். பிறகு வாயிலை மணல் மூடியது. பக்கத்துக் கரையைக் கடல் தின்றது. தென்னை விழுந்தது, மீன்பிடிக்காரரின் தோணி போக வழியில்லாமல் போனது. ரிபன் வெட்டிய படத்தில் இருக்க எவ்வளவு பேர் முண்டியடித்தார்கள்! கரை அரித்தபோது அந்த மக்களோடு நின்று, இது எங்கள் பொறுப்பு என்று சொல்ல எத்தனை பேர் வந்தார்கள்? கனவுக்கு வாரிசு ஆயிரம். மணலுக்கு வாரிசு இல்லை.

ஆசிரியர்கள் என்பதால் ஏ.எம்.ஏ. அஸீஸைச் சொல்லாமல் எங்களால் போக முடியாது. பிள்ளைகளுக்கு அவரைப் பெயராகத்தான் தெரியும், அதுவும் புலமைப்பரிசில் வினாத்தாளில் வந்தால். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்தவர். இலங்கை சிவில் சேவைக்குப் போன முதல் முஸ்லிம். அந்தக் காலத்தில் சிவில் சேவை என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். அமைச்சருக்குக்கூட அந்த மரியாதை இல்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942இல், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். வந்த வேலை உணவு உற்பத்தி. நெல்லை விளைவித்துக் கணக்கை அனுப்பினால் கடமை முடிந்தது. அவர் இங்கே எங்கள் மூத்தவர்களின் வறுமையையும் படிப்பறிவின் நிலையையும் பார்த்தார். கல்விக்கென்று இங்கே ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அந்த யோசனைதான் வளர்ந்து, 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக ஆனது. அந்தப் பணத்தில் படித்த டாக்டர்களும் எஞ்சினியர்களும் ஆசிரியர்களும் எத்தனையோ ஊர்களில் இருந்தார்கள்.

1948இல் அவர் சிவில் சேவையை விட்டார். விட்டுவிட்டுக் கொழும்பு சாஹிராக் கல்லூரிக்கு அதிபராகப் போனார். பதவி உயர்வு எல்லாம் முன்னால் காத்திருக்கும் வயதில், ஒரு பள்ளிக்கூடத்துக்கு. 1961 வரை அங்கே இருந்தார். இன்று எங்களில் ஒருவர் இருந்த வேலையை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தால், வீட்டார் ஓதிப் பார்க்க ஹஸ்ரத்தைக் கூப்பிடுவார்கள். இப்போது நடப்பது மறுபக்கம். இடமாற்றக் கடிதத்தை நிறுத்த அரசியல்வாதி வீட்டுத் திண்ணையில் காலை ஆறு மணிக்கே ஆசிரியர்கள் நிற்கிறார்கள். அந்தத் திண்ணையில்தான் அவர் தலைவர் ஆகிறார்.

தலைவருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அது அரசாங்கத்தோடு சண்டை பிடிப்பதை விடக் கஷ்டம். தன்னுடைய ஆட்களிடம், அவர்களுக்குப் பிடிக்காததைச் சொல்வது.

போதைப்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் எங்கள் ஊர்களுக்குள் வந்துவிட்டது. எந்த வீதி, எந்த மூலை என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஊர்வலம் போனால் முன்வரிசையில் அரசியல்வாதி, கையில் பதாகை. அதே வாரம் ஒருத்தன் பிடிபட்டால் ஓ.ஐ.சி.க்குக் கோல் போகிறது. "சேர், அது நம்மட பொடியன், எங்கட வட்டாரத்து வாக்கு." பதாகை பிடித்த அதே கைதான் தொலைபேசியையும் பிடிக்கிறது. ஊருக்குத் தெரியாதா? தெரியும். பொடியன் வெளியே வந்ததும் வாப்பாவும் காக்காவும் போய்க் கையைப் பிடித்து நன்றி சொல்கிறார்கள். அந்த வாப்பாவிடம், "உங்கட மகன் உள்ளே இருக்கட்டும், அவன் விற்றதை வாங்கிய பிள்ளைகள் நாலு பேர் இன்னும் இங்கே நடமாடுறாங்க" என்று சொல்கிறவர் இருந்தால், அவருக்குப் பின்னால் நாங்கள் நடப்போம். அடுத்த தேர்தலில் அந்த வட்டாரம் அவருக்குப் போகும். அதுதான் விலை.

இனி வருவதைச் சொன்னால் சிலருக்குச் சுடும். 1951ஆம் வருட முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயது என்று ஒன்றில்லை. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் காதியின் அனுமதி வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. இதைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள். 2018இல்தான் அறிக்கை வந்தது, அதுவும் குழு இரண்டாகப் பிரிந்து இரண்டு பரிந்துரை. அதன் பின்னும் இழுபடுகிறது. எங்கள் பிரதிநிதிகளோடு தனியே பேசிப் பாருங்கள். "வயது பதினெட்டாக வரத்தான் வேணும், நீங்க சொல்றது சரி" என்று தலையாட்டுவார்கள். மேடையில் ஏறினால் வாய் திறக்காது. உலமாக்கள் கோபிப்பார்கள், வாக்குக் குறையும். இது சட்டத்தரணிகளின் விவகாரம் என்று சிலர் நினைக்கலாம். வகுப்பறையில் நிற்கும் எங்களுக்கு அது வரவு இடாப்பில் குறுக்கே கோடு விழும் ஒரு பெயர். கணக்கில் கெட்டிக்காரியாக இருப்பாள். ஓ.எல். எழுத ஒரு தவணை இருக்கும். அடுத்த கிழமை அவளுடைய கதிரையில் வேறு பிள்ளை பையை வைக்கும்.

ஷரீஆவைத் தொடாதே என்று எழுத வருகிறவர்களுக்கு: பல முஸ்லிம் நாடுகளில் திருமண வயதைச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், அங்கும் உலமாக்கள் இருக்கிறார்கள். அதைப் பற்றி வேறு பதிவில் பேசலாம்.

இப்போதெல்லாம் பாடசாலைக்கு வெளியிலிருந்து ஆட்கள் வந்து "தலைமைத்துவப் பயிற்சி" நடத்துகிறார்கள். திரையில் ஏழு பண்பு, எட்டுப் பண்பு என்று ஓடும். பிள்ளையைக் கண்ணை மூடிப் பின்னால் விழச் சொல்வார்கள், மற்றவர்கள் பிடிப்பார்கள். நல்ல விளையாட்டு. முடிவில் சான்றிதழ். பயிற்சியில் முதலிடம் பெற்ற பிள்ளை, மறுநாள் தன் நண்பன் மற்றவனை அடித்ததைப் பார்த்தும், "நான் காணல்ல சேர்" என்கிறது. பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை. அது ஊரைப் பார்த்துத்தான் வளர்கிறது.

2019 ஜூன் 3ஐயும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அநியாயமாகிவிடும். ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு சமூகம் முழுவதும் குற்றவாளிக் கூண்டில் நின்ற நேரம். முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் கட்சி வேறுபாடின்றி ஒரே நாளில் பதவி விலகினார்கள். அன்று இரவு ஊரில் இருந்த அமைதி வேறு மாதிரி. கதிரை இல்லாமல் நின்ற அந்த ஒரு நாளில்தான் அவர்கள் தலைவர்கள் மாதிரித் தெரிந்தார்கள். ஜூனிலும் ஜூலையிலும் திரும்பப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஆகவே இன்று அமைச்சர் இல்லை என்று அழுகிறவர்களிடம் கேட்கிறோம். நீங்கள் இழந்தது என்ன? கார்பட் வீதிக்கு அடிக்கல் நாட்ட ஆளில்லை என்கிறீர்களா? மகனுக்குத் தொழில் எடுக்க ஒரு கடிதம் இல்லை என்கிறீர்களா? அதுவும் கஷ்டம்தான், வயிற்றுப் பிரச்சினையை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. ஆனால் அதன் பெயர் வேறு. அதற்குத் தலைமைத்துவம் என்று பெயர் வைத்ததால்தான், வாங்கித் தருகிறவர் எல்லோரும் எங்களை விற்கிற உரிமையும் தமக்கு உண்டு என்று நினைத்தார்கள்.

தலைவரைக் கொழும்பிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை. எங்கள் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தெரிவு வருகிறது. இப்போதே யார் தலைவர், யார் செயலாளர் என்று குடும்பம் குடும்பமாகப் பேசி முடித்துவிட்டார்கள். பள்ளிக்குச் சொந்தமான கடைகள் இருக்கின்றன. சந்தையில் அப்படியொரு கடைக்கு என்ன வாடகை என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்குக் கிடைப்பது என்ன என்று யாருக்கும் தெரியாது. அந்த வாடகை சரியாக வந்தால் மாலை வகுப்புக்கு இரண்டு ஆசிரியருக்குக் கொடுப்பனவு கொடுக்கலாம், விதவைகளின் பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கொப்பி வாங்கலாம். இதை நாங்கள் கடிதமாகவும் கொடுத்திருக்கிறோம். பதில் இல்லை.

பொதுக்கூட்டம் இன்ஷா அல்லாஹ் வருகிற வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பின். பெண்கள் பகுதிக்கும் ஒலிபெருக்கி போடச் சொல்லியிருக்கிறோம், அவர்களும் கேட்கட்டும். போட்டியிடுகிற ஒவ்வொருவரிடமும், கடை வாடகைப் பட்டியலை எழுந்து நின்று பெயரோடு வாசிக்கச் சொல்லப் போகிறோம். பட்டியலில் முதல் கடையே யாருடைய மச்சான் வைத்திருக்கிறார் என்று ஊருக்குத் தெரியும். அந்தப் பெயரை யார் வாசிக்கிறார் என்று பார்ப்போம்.